அடிக்கு ஒரு முந்திரிக்கொத்து

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு பேஸ்பால் வந்து சேர்ந்ததற்கு, அந்த விளையாட்டின் மேல் யாருக்கும் இருந்த ஆசை காரணமில்லை. கோ-கோவிலும் கபடியிலும் எங்களைத் தோற்கடிக்க மாவட்டம் முழுக்க ஆள் இருந்தது. பேஸ்பாலை ஆடும் பள்ளிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை என்று எங்கள் பி.டி. டீச்சர் எங்கோ கேள்விப்பட்டு வந்தார். அடுத்த வாரமே ஒரு சாக்குப்பை நிறைய பழைய கையுறைகளும், உலக்கை மாதிரி உருண்டையான மட்டைகளும், சிவப்பு நூலால் தையல் போட்ட வெள்ளைப் பந்துகளும் வந்து இறங்கின. மாவட்ட அணியில் இடம்பிடித்தால் சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழ் இருந்தால் பிற்பாடு காலேஜில் இடம் கிடைக்கும் என்று டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னதுதான் தாமதம். அதுவரை பெயர்கூடக் கேட்டிராத ஒரு விளையாட்டைப் பாளையங்கோட்டைப் பெற்றோர்கள் மனதார ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் அப்பா ராத்திரி குடும்ப ஜெபத்தில், மழைக்கும் சமாதானத்துக்கும் நடுவில் பேஸ்பாலையும் சேர்த்துக்கொண்டார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பெரியப்பா மகள், என் அக்கா, ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். காலையில் அவள் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் நான் பள்ளிக்கூடம் போவேன். பெரியப்பா வீட்டுப் பின்பக்கத்து மாமரத்தில் எந்தக் கிளையில் எந்தக் காய் என்று சொன்னாலும் ஒரே கல்லில் இறக்கிவிடுவாள். அந்தக் கையைப் பார்த்த டீச்சர் வேறு யோசனையே இல்லாமல் அவளைப் பந்து வீச வைத்தார். நான் குள்ளம், ஆனால் கண் கூர்மை. என் கையில் மட்டையைக் கொடுத்தார். அக்கா வீசுவாள், நான் அடிப்பேன். சாயங்காலமெல்லாம் இதே வேலை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் சண்டை வராது என்று டீச்சர் நினைத்தார். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

ஆட்டம் லேசானதுதான். அடிப்பவள் பக்கத்தில் தரையில் ஒரு வெள்ளைத் தட்டு பதித்திருக்கும். பந்து அதற்கு மேலாக வரவேண்டும். அதை அடித்துவிட்டு மைதானத்து மூலைகளில் போட்டிருக்கும் மூன்று பேஸ்களையும் தொட்டு ஓடித் திரும்பித் தட்டுக்கே வந்தால் ஒரு ஓட்டம். நல்ல பந்தைக் கோட்டைவிட்டால் அது ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் ஆள் அவுட். நான்கு பந்து தட்டை விட்டு விலகிப் போனால், அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். பந்து அடிப்பவள் மேலே பட்டாலும் அப்படித்தான். அந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது டீச்சர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பட்டது ஆகஸ்டு மாசத்து ஒரு சாயங்காலம். அக்காவின் பந்து கைநழுவி உள்ளே வந்தது. என் இடது விலாவில் விழுந்தது. வலி என்று சொல்வதற்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. மைதானத்துப் புழுதியில் கிடந்தபடி, மேலே குனிந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் முதுகைத் தட்டினார், யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அக்கா மட்டும் கொஞ்சம் தள்ளி, கையுறையைக் கழற்றாமல் நின்றாள். கிட்டே வரவே இல்லை. மூச்சு திரும்பியதும் எனக்கு முதலில் தோன்றியது, இவள் ஏன் வந்து என்னைத் தூக்கவில்லை என்பதுதான்.

எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கன்றிப்போன இடத்தில் பந்தின் தையல் அச்சு அப்படியே பதிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டிக் கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். மறுபடி மட்டையைப் பிடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்குப் பயமில்லை. என் இடது காலுக்குத்தான் பயம். பந்து வீசுகிறவளின் கையை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தக் கால் தானாகப் பின்னுக்கு விலகிவிடும். நான் விலகாதே என்பேன், அது விலகிப் போய் நிற்கும். காலோடு இடுப்பும் போய்விடும். கை மட்டும் மட்டையை வெறும் காற்றில் சுழற்றும்.

எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். டீச்சர் காலுக்குப் பின்னால் ஒரு செங்கல்லை வைத்தார். கால் செங்கல்லில் இடறி நான் விழுந்தேன். விலாவோடு முழங்காலும் சேர்ந்துகொண்டது. அப்பா, பயப்படாதே என்று வரும் வசனங்களாகத் தேடி எடுத்து வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். கால் வாசிக்கவில்லை. அம்மா, இந்த உலக்கை விளையாட்டே வேண்டாம் என்றாள். பெரியம்மா தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தடவினாள். தோழிகள் கண்ணை மூடாதே என்றார்கள். கண்ணைத் திறந்து வைத்திருப்பதால்தானே பந்து வருவது தெரிகிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இந்தக் கலவரத்தில் அக்காவை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஆனால் தப்பாக. அவள் வீசும் பந்தெல்லாம் தட்டுக்கு அந்தப் பக்கம், மட்டைக்கு எட்டாத தூரத்தில் போக ஆரம்பித்திருந்தது. எனக்கு மட்டுமில்லை, யார் நின்றாலும் அப்படித்தான். டீச்சர், “உள்ள போடுட்டி! ஒனக்கு என்ன வந்துச்சு?” என்று தொண்டை வறளக் கத்துவார். அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். காலையில் எனக்காகக் காத்திராமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். என்னால் டீச்சரிடம் திட்டு வாங்கிய கோபம் என்று முடிவுகட்டினேன். விலா என்னுடையது, கோபம் மட்டும் இவளுக்கா என்று பதிலுக்கு நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செப்டம்பரில் எங்கள் கோயிலில் அசனம் நடந்தது. சபையார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்துக்குக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. அங்கே அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்தாள். அத்தை பாடினால் குரல் கோயிலின் கடைசி பெஞ்சிலிருந்து பீடம் வரைக்கும் கேட்கும். பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் போட்டு, யார் எப்போது அழப்போகிறார்கள் என்பது அவளுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பார்கள்.

பந்தியில் இலைக்குக் குனியும்போது நான் விலாவைப் பிடித்ததை அத்தை பார்த்துவிட்டாள். சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நீலம் வடிந்து மஞ்சளாகியிருந்தது.

“எவ எறிஞ்சது?”

“அக்காதான்” என்றேன், நன்றாகச் சத்தமாக.

அக்கா அப்போது வாசலில் பெரியம்மாவோடு பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். அத்தை என் விலாவைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவள் போன திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் இரண்டு வீட்டாரும் கூடியிருந்தபோது அத்தை அறிவித்தாள். காலாண்டு லீவுக்கு நாங்கள் இருவரும் கல்லிடைக்குறிச்சிக்கு வரவேண்டும். மட்டையும் பந்தும் டீச்சரிடம் கேட்டு வாங்கி வரவேண்டும்.

“அவளுக்கு அடுத்த வருசம் பத்தாம் கிளாஸ்” என்றார் பெரியப்பா.

“புஸ்தகத்தையும் கொண்டு வரட்டும் அண்ணே. எங்க ஊர்ல வச்சுப் படிச்சா ஏறாதோ?”

“நான் வரல” என்றாள் அக்கா. வெகு நாளைக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன்.

“நீ வரலேன்னா இவளுக்கு எவ எறிவா? எனக்குத் தோள்பட்டைய தூக்கவே முடிய மாட்டேங்கு.”

அன்று காலையில்தான் அத்தை ஒரு கொப்பரைக் கறிக்குழம்பை இன்னொருத்தியோடு காது பிடித்துத் தூக்கி இறக்கியதை நான் பார்த்திருந்தேன். தோள்வலி திடீரென்றும் வரும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கோட்டைப் பாசஞ்சரில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் மட்டையை மடியில் வைத்திருந்தேன். எதிரில் இருந்த அண்ணாச்சி ஒருவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ள இது, பூரிக்கட்டையா?” என்றார். நான் விளக்கினேன். “பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாமா?” என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “நல்லா ஓங்கிப் போடணும்” என்று சொல்லிவிட்டுச் சேரன்மாதேவியில் இறங்கிப் போனார்.

அத்தை வீட்டுக்குப் பின்னால் கார் நெல் அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயல். அதற்கப்பால் வாய்க்கால், அதற்கும் அப்பால் மலை. மறுநாள் காலை அத்தை ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு வந்தாள். வாளிக்குள் பழைய சேலைத் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டிய உருண்டைகள். கூடவே மாமா வந்தார். மாமா கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தார். நாங்கள் வருகிறோம் என்றதும் முந்தின நாளெல்லாம் செல்போனில் அமெரிக்கப் பிள்ளைகள் பேஸ்பால் பழகும் வீடியோக்களைப் பார்த்து, பாதி பயிற்சியாளராகவே ஆகியிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினார். அதற்குள் இன்னொரு தலை வைக்கலாம்போல இருந்தது.

“இன்னைக்கு அடிக்க வேண்டாம்” என்றாள் அத்தை. “மட்டையக் கீழ வையி. அடி வாங்கப் படி.”

எனக்குப் புரியவில்லை.

“ஊசிக்கு விறைச்சுக்கிட்டு நிக்கிற பிள்ளைக்குத்தான் வலிக்கும். ஓடுத பிள்ளைக்கு ஊசி எங்கயாவது குத்தும். பைய, தளர விட்டு, எடத்தக் காட்டுனா முடிஞ்சுபோகும். பந்து ஒன் மேல வருதுன்னா பின்னால ஓடாத. இங்கன பாரு. இடது தோள உள்ள மடக்கு. மோவாய நெஞ்சுல ஒட்டு. மூஞ்சியயும் வயித்தையும் அங்கிட்டுக் கொண்டு போ. முதுகக் குடு. முதுகுதான் அடி வாங்குததுக்கு ஆண்டவர் குடுத்தது.”

பிறகு வாளியின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்ததும் வெல்லமும் ஏலக்காயும் மணத்தன. பாசிப்பயறு வறுத்து உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து. எங்கள் வீடுகளில் கிறிஸ்துமசுக்கு மட்டுமே கண்ணில் படும் பலகாரம்.

“முதுகுல பட்டா ஒண்ணு. அடி வாங்குனவளுக்கும் ஒண்ணு, எறிஞ்சவளுக்கும் ஒண்ணு.”

“அவளுக்கு எதுக்கு?” என்றேன். அடி வாங்குவது நான். இதில் என்ன நியாயம்?

“பேசாம நில்லுட்டி” என்றாள் அத்தை.

அக்கா துணி உருண்டையை எடுத்தாள். எறிந்தாள். அது எங்கோ போய் விழுந்தது. இன்னொன்று. அதுவும் எங்கோ. மாமரத்தின் உச்சிக்கிளைக் காயை ஒரே கல்லில் இறக்குகிறவளுக்குப் பத்தடியில் நிற்கும் என் முதுகு தெரியவில்லை. ஓர் உருண்டை பக்கத்து வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த அப்பளப் பாய் நடுவே விழுந்து, அந்த வீட்டு ஆச்சி எங்கள் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள். டப்பா மூடியே இருந்தது. எனக்கு முந்திரிக்கொத்து கிடைத்துவிடக் கூடாது என்றுதான் அக்கா வேண்டுமென்றே தப்ப விடுகிறாள் என்று நான் உறுதியாக நம்பினேன். அந்த வயதில் வேறு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

“ஏட்டி, கிட்டப் போயிப் போடு. இன்னும் கிட்ட. துணிதான, என்ன செய்யப் போவுது?” என்றாள் அத்தை.

கிட்டே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, அக்கா ஒன்றை என் முதுகில் எறிந்தாள். பூனை வந்து மோதியது மாதிரி இருந்தது. அத்தை கைதட்டினாள். நான் ஓடிப்போய் என் பங்கை வாங்கித் தின்றேன். அக்கா தன்னுடையதைக் கையிலேயே வைத்திருந்தாள். சாயங்காலம் அது மேஜை மேல் கிடந்தது. அதையும் நான் தின்றேன்.

அடுத்த நாள் தண்ணீரில் முக்கிய டென்னிஸ் பந்து. பட்ட இடம் சட்டையில் வட்டமாக ஈரமாகும். எத்தனை வட்டம் என்று பார்த்து மாமா தீர்ப்புச் சொல்வார். என் திரும்பல் அவருக்குத் திருப்தியாக இல்லை. “ஈர்ப்பு மையம் மாறுது” என்று சொல்லி, ஹெல்மெட்டைத் தானே மாட்டிக்கொண்டு, வீடியோவில் பார்த்ததைச் செய்துகாட்ட நின்றார். அக்கா எறிந்தாள். மாமா முதுகைக் கொடுப்பதற்குப் பதிலாகக் குனிந்துவிட்டார். வட்டம் வங்கி அதிகாரிகள் பொதுவாக உட்காரும் இடத்தில் விழுந்தது. முதலில் அத்தை சிரித்தாள். அப்புறம் நான். அப்புறம், பந்து வீசும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கா சிரித்தாள். மாமா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “எனக்கும் ஒண்ணு தரணும்லா?” என்று டப்பாவை நோக்கிக் கையை நீட்டினார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அக்காவின் எறி கொஞ்சம் வேகமாக வந்தது. என் சட்டையில் வட்டங்களும் கூடின. தோளை மடக்கி முதுகைக் கொடுப்பது, யாரோ கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது மாதிரி எனக்குப் பழகிவிட்டது.

லீவு முடியப்போகும் நாளில் அத்தை தையல் போட்ட நிஜப் பந்தை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள்.

அக்கா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. பந்து வயலில் விழுந்தது.

“வேண்டாம் அத்தே.”

“எடு.”

“என்னால ஆகாது.”

“அவ நிக்குதாளே. அவளுக்கு ஆவுதுல்ல?”

நான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “சீக்கிரம் போடுக்கா!” என்று கத்தினேன். டப்பாவில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

அக்கா பந்தை எடுத்தாள். முதலில் மெதுவாக வந்தது. பட்டது, ஒன்றுமில்லை. அத்தை இன்னும் என்றாள். கொஞ்சம் வேகம். பட்டது, சுள்ளென்றது, அவ்வளவுதான். அத்தை மறுபடியும் இன்னும் என்றாள். இந்தத் தடவை அக்கா காலைத் தூக்கி, பள்ளிக்கூட மைதானத்தில் வீசுகிற மாதிரியே வீசினாள். பந்து என் விலாவைப் பார்த்து வந்தது. அதே இடம். என் இடது காலுக்கு விலக நேரமிருந்தது, ஆனால் அது விலகவில்லை. தோள் மடங்கியது, மோவாய் நெஞ்சில் ஒட்டியது. முதுகில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மூச்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

“வலிக்கல!” என்று கத்தினேன். “இன்னொண்ணு போடுக்கா!”

அக்கா அறுத்த தாளின் மேல் அப்படியே உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகில் கைபோட்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மெல்லப் பேசவும் அத்தைக்குத் தெரியும் என்பதை அன்றுதான் கண்டேன். ஓங்கிப் போட்டதற்காகத் திட்டு விழுகிறது என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நானும் மாமாவும் வரப்பில் உட்கார்ந்து டப்பாவைக் காலி செய்தோம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. “மட்டையப் பிடி” என்றாள். அதற்குப் பிறகு அவள் வீசிய பந்துகள் தட்டுக்கு மேலே நேராக வந்தன. நான் அடித்தது ஒன்று வாய்க்காலைத் தாண்டிப் போய் விழுந்தது. மாமா அதைத் தேடப் போய் முழங்கால் வரை சேற்றோடு திரும்பினார்.

அக்டோபர் கடைசியில் வள்ளியூர்ப் பக்கத்து மைதானம் ஒன்றில் மாவட்ட இறுதி ஆட்டம். அங்கே காற்று எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும், புழுதி பறந்துகொண்டே இருக்கும். எதிரணியில் பந்து வீசியவள் நெடுநெடுவென்று உயரமானவள். அவள் கையிலிருந்து கிளம்பும் பந்து ‘விர்ர்’ என்று சத்தம் போட்டது. ஆரம்பத்திலேயே அவர்கள் இரண்டு ஓட்டம் எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தியாலும் அவள் பந்தைத் தொட முடியவில்லை. அத்தை லீவு போட்டுவிட்டு மாமாவோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். அம்மா வரவில்லை. வீட்டில் உபவாசம் இருந்தாள்.

என் முறை வந்தது. முதல் பந்து காதோரமாகப் போயிற்று. டீச்சர் செங்கல்லைத் தேடுகிறவர் மாதிரி என் காலையே பார்த்தார். கால் இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாவது பந்து உள்ளே, என் மேலேயே வந்தது. முதுகைக் கொடுத்தேன். சத்தம் வேப்பமரம் வரைக்கும் கேட்டிருக்கும். மைதானமே ‘ஐயோ’ என்றது. நான் மட்டையைப் பக்குவமாகக் கீழே வைத்துவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டே முதல் பேஸுக்கு ஓடினேன்.

வேப்பமரத்தடியிலிருந்து அத்தையின் குரல்: “அப்பிடித்தான்ட்டி எங்க வீட்டுப் பிள்ள!”

நெடியவள் வாயில் கைவைத்து நின்றாள். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பந்தில் அந்த ‘விர்ர்’ சத்தம் இல்லை. நாலாபுறமும் விலகிப் போயிற்று, நாங்கள் நடந்தே பேஸ் பேஸாகப் போனோம். நான் ஒரு ஓட்டம் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தியும் எடுத்து எண்ணிக்கை சமமானது. என் தைரியத்தைப் பார்த்து அவள் மிரண்டுவிட்டாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

கடைசிச் சுற்றில் இரண்டாவது பேஸில் எங்கள் ஆள் ஒருத்தி நிற்க, நான் மறுபடி மட்டையோடு போனேன். நெடியவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை நேராக, வேகமாகப் போட்டாள். அது அவள் கையை விடுவதையும், சுழல்வதையும், சிவப்புத் தையல் ஒரு கோடாகத் தெரிவதையும் பார்த்தேன். பார்க்க எவ்வளவோ நேரம் இருந்தது. இத்தனை நாள் இந்தக் கால் என்னை இதையெல்லாம் பார்க்க விடாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. அடித்தேன். பந்து நெடியவளின் தலைக்கு மேலே பறந்து, பிடிக்க ஓடிவந்த இருவருக்கும் நடுவே விழுந்து, புழுதியில் உருண்டது. எங்கள் ஆள் தட்டைத் தொட்டாள். ஒரு ஓட்டம் கூடுதல்.

ஆனால் அவர்களுக்கு இன்னும் ஒரு முறை மிச்சமிருந்தது. அதில் இரண்டு பேர் அவுட், மூன்றாமவளும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஒருத்தி மூன்றாவது பேஸில் நிற்கிறாள், அவள் வந்துவிட்டால் மறுபடி சமம். அடிக்க வந்தவள் நல்ல பலசாலி. அக்கா அன்று முழுக்க ஜாக்கிரதையாக வெளிப்பக்கமாகவே வீசிக்கொண்டிருந்ததை அவர்கள் கவனித்துவிட்டார்கள். அதனால் அந்தப் பலசாலி தட்டின் மேலேயே சாய்ந்து நின்றாள். அந்தப் பக்கம் போட்டால் எட்டி அடித்துவிடுவாள். இந்தப் பக்கம் போடவேண்டுமானால் அவள் உடம்பை ஒட்டித்தான் போடவேண்டும்.

நான் இரண்டாவது பேஸில், அக்காவுக்குப் பின்னால் நின்றேன். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தாள். பிறகு அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று தெரியாமல், நான் என் முதுகை அவளுக்குத் திருப்பிக் காட்டி, அதில் நானே ஒரு தட்டு தட்டிக்கொண்டேன். கிறுக்குத்தனம்தான், வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்கா காலைத் தூக்கி வீசினாள். பந்து பலசாலியின் வயிற்றை உரசுகிற மாதிரிப் போய், பின்னால் பந்து பிடிக்க உட்கார்ந்திருந்த எங்கள் ஆளின் கையுறைக்குள் ‘பட்’ என்று விழுந்தது. பலசாலி பின்னால் துள்ளினாள். “ஸ்ட்ரைக்!” என்றார் நடுவர். அடுத்ததும் அதே இடம். “ஸ்ட்ரைக்!” இப்போது பலசாலியின் இடது கால் கொஞ்சம் பின்னுக்கு விலகியிருந்தது. அந்தக் காலை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது பந்து மாங்காய்க்கு எறிகிற எறி. மட்டை சுழன்றபோது பந்து கையுறைக்குள் இருந்தது.

ஜெயித்துவிட்டோம்.

என்னைத் தூக்கினார்கள். டீச்சர் அழுதார், சிரித்தார், செல்போனில் யாரையோ கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் வைத்தார். மாமா ஓடி வந்து என் ஈர்ப்பு மையம் அருமையாக இருந்தது என்றார். கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை, ஆனால் பளபளத்தது. அடி வாங்கியது நான், அடித்தது நான், கோப்பை என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படம் எடுக்க எல்லோரையும் வரிசையாக நிறுத்தியபோது அக்காவைக் காணவில்லை. தேடினால், மைதானத்து ஓரத்துத் தண்ணீர்த் தொட்டி அருகே இருந்தாள். எதிரணியின் நெடியவள் அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கா அவளை ஒட்டி உட்கார்ந்து, முதுகில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நெடியவள் தலையைத் தூக்கி, தூரத்தில் கோப்பையோடு நின்ற என்னைப் பார்த்தாள். அக்கா என்னைச் சுட்டிக்காட்டி மறுபடியும் ஏதோ சொன்னாள்.

பல வருஷம் கழித்து, தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தபோது, அக்கா தானாகவே இதைச் சொன்னாள். புழுதியில் நான் சத்தமில்லாமல் வாயைத் திறந்து கிடந்ததைப் பார்த்து, நான் செத்துப்போய்விட்டேன் என்றே அவள் நினைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு பந்தைக் கையில் எடுத்தாலே அந்த வாய்தான் முன்னால் வருமாம். இந்தப் பந்துக்கு யார் விழுவார்களோ என்று கை தானாக வெளியே இழுத்துக்கொண்டு போகுமாம். “அன்னைக்கு வயல்ல அத்தை வேற ஒண்ணும் சொல்லலட்டி. ‘அங்கன பாரு, அவ சாகல. ஒன் பங்கையும் சேத்துத் திங்கா’ன்னா. நிமிந்து பாத்தேன். நீயும் மாமாவும் வாய் நிறையத் தின்னுட்டு இருந்தீய.” சொல்லிவிட்டு மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்தாள். கல்லிடைக்குறிச்சி வயலில் நடந்த வைத்தியம் முழுக்க எனக்கென்றே அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கும்தான். ஆனால் அத்தை ரயிலேற்றிக் கூட்டிப்போனது, யாருக்கும் கண்ணில் படாத இன்னொரு பயத்துக்காக.

அன்று வள்ளியூரில் எனக்கு அது எதுவும் தெரியாது. நெடியவளின் பந்து ஏன் திடீரென்று தளர்ந்தது, ஆட்டம் முடிந்த பிறகும் ஏன் அழுகிறாள் என்பதும் தெரியாது.

“எக்கா, படம் எடுக்காங்க, வா!” என்று கூப்பிட்டேன்.

“எடுங்க, வாரேன்” என்றாள். வரவில்லை. அவள் இல்லாமலேயே எடுத்தார்கள். ஜெயித்தவர்கள் எல்லோரும் இங்கே இருக்க, தோற்றவளோடு இவளுக்கு அப்படி என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.